விலைக்கு வாங்கிய கவசத்தோடு காஸ்பிளே போட்டியில் நிற்கலாமா? மலேனியா வேடத்திற்கு ஆலோசனை வேண்டும்

காவிரிக்கரை:

வணக்கம். திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் என்ற காமிக்ஸ், வீடியோ கேம் ரசிகர்களின் விழா முதன்முறையாக நடந்தபோது வெறும் பார்வையாளராகப் போயிருந்தேன். வீடியோ கேம் கதாபாத்திரங்களாக வேடமிட்டு வந்தவர்களைப் பார்ப்பதிலேயே பொழுது கழிந்தது; இப்படி வேடமிடுவதைத்தான் காஸ்பிளே என்கிறார்கள். இனி எப்போது போனாலும் வேடத்தோடுதான் போவது என்று ஊர் திரும்பும் பேருந்திலேயே முடிவு செய்துவிட்டேன். எல்டன் ரிங் என்ற வீடியோ கேமில் எதிரியாக வரும் மலேனியாதான் நான் எடுத்துக்கொண்டிருக்கும் வேடம். நாம் பாடுபட்டு அவள் உயிரைக் குறைத்தால், அவள் நம்மை ஒரே ஒரு முறை வெட்டி அதில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்வாள். அவளிடம் எத்தனை முறை செத்தேன் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்து, 117-இல் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவ்வளவு நேரம் ஒருத்தியை எதிரில் வைத்துப் பார்த்தபின், தலைக்கவசத்தின் சிறகுகளும், வலக்கை இருந்த இடத்தில் பொருத்திய பொன்னிறச் செயற்கைக் கையும், செந்நிற மேற்போர்வையும் கண்ணை மூடினாலும் தெரிகின்றன.

என் குழப்பம் இதுதான். சென்ற ஆண்டு ஒரு கல்லூரிக் கலைவிழாவில் வேடப் போட்டி வைத்தார்கள். அட்டையும் சார்ட் பேப்பரும் தங்க நிறத் தாளும் கொண்டு மூன்று வாரம் இரவில் கண்விழித்து ஒரு கவசம் செய்து போட்டுக்கொண்டு போனேன். நண்பகல் தாண்டுவதற்குள் அக்குள் வியர்வையில் அட்டை ஊறித் தோள்பட்டை தொங்கிப் போயிற்று. மேடையில் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றேன். முழு உடையையும் இணையத்தில் ஆர்டர் செய்து வரவழைத்திருந்த பெண்ணுக்கு முதல் பரிசு கிடைத்தது. யார் செய்தது என்று நடுவர்கள் எவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் நியாயமானதென்றே நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் மேடையில் நடந்த நடையும் திரும்பிய திரும்பலும் நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்த நியாயம் சற்று ஆட்டம் காண்கிறது.

இந்த முறை மொத்தமாக வாங்கிவிடலாமா, அல்லது மறுபடியும் கையால் செய்து பார்க்கலாமா? செய்வதென்றால் சென்னை வெயிலையும் ரயில் பயணத்தையும் தாங்கும் பொருள் எது? இடையில் என் தம்பி வேறு, பிளஸ் டூ படிப்பவன், தானும் வருவேன் என்கிறான். அவனிடம் வேடமும் இல்லை, காசும் இல்லை.

பெரியமேட்டுப் பசை:

தங்கைக்கு வணக்கம். எட்டு ஆண்டுகளாகக் கவசம் செய்து வருகிறேன். வாங்குவதா செய்வதா என்ற விவாதத்தைப் பிறருக்கு விட்டுவிட்டு, பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அட்டையை மறந்துவிடுங்கள். உலகெங்கும் காஸ்பிளே கவசம் செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஈ.வி.ஏ. ஃபோம். வெளிநாட்டுப் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் ஊரில் ரப்பர் செருப்பு தைப்பவர்களிடம் ‘செருப்பு ஷீட்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சென்னையில் தோல், செருப்புச் சாமான் விற்கும் பெரியமேட்டில் நான் பல தடிமனில் வாங்கியிருக்கிறேன். திருச்சியிலும் செருப்புப் பட்டறைக்காரர் ஒருவரைப் பிடித்தால் அவர் எங்கே வாங்குகிறார் என்பது தெரிந்துவிடும். குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் புதிர்ப் பாயும் இதே பொருள்தான். தலைக்கவசத்திற்கு அதன் தடிமனே போதும். சிறகின் இறகுகளுக்கு 2 மில்லிமீட்டர், தோளுக்கும் செயற்கைக் கைக்கும் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. வலக்கையில் சமையலறை உறைத்தாளைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை முழுவதும் ஒட்டி, மூட்டுகளும் தகடுகளும் எங்கெங்கே வர வேண்டுமோ அங்கெல்லாம் மார்க்கரால் கோடு போட்டு, பிறகு அந்தக் கோடுகளின் மீதே கத்தரித்து எடுத்தால், உங்கள் கைக்கு மட்டுமே பொருந்தும் அச்சு தட்டையாகக் கையில் வந்துவிடும். கத்தரிக்கும்போது அடியில் தோல் இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும்; முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான் வேண்டும், பிளேடு கூடாது.

ஒட்டுவதற்குத் தச்சர்கள் பயன்படுத்தும் ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசை. இரண்டு விளிம்பிலும் மெல்லிதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் தெரியும்வரை பத்து நிமிடம்போலக் காத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். என் முதல் தலைக்கவசத்தில் இந்தப் பத்து நிமிடத்தைக் காக்கப் பொறுமையில்லாமல் ஈரத்திலேயே ஒட்டினேன். மறுநாள் காலை எல்லா இணைப்பும் வாய் பிளந்து கிடந்தன. மாறாக, காய்ந்தபின் ஒட்டும்போது கை தவறிக் கோணலாக வைத்தால் பிரித்தெடுக்க முடியாது, ஃபோமே கிழியும். ஆகவே ஒரு முனையில் தொடங்கி அரை அங்குலம் அரை அங்குலமாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். சூட்டில் உருக்கி ஒட்டும் ஹாட் க்ளூ வேண்டவே வேண்டாம். வெயிலில் வரிசையில் நிற்கும்போது அது இளகிக் கழன்றுகொள்ளும்.

வடிவம் கொடுக்க, சூடான காற்றை ஊதும் ஹீட் கன். சூடு பட்டதும் ஃபோமின் மேற்பரப்பு சற்றே பளபளப்பாகும். துளைகள் மூடிக்கொண்டன என்பதற்கு அதுவே அடையாளம். அந்த நொடியில் முழங்காலின் மீதோ ஒரு சொம்பின் மீதோ வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். பிறகு மரம் ஒட்டும் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து நான்கைந்து பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்தபின்தான் அடுத்தது. அதன்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் பொன்னிற அக்ரிலிக், கடைசியில் பழுப்பு வண்ணத்தைப் பூசி உடனே துடைத்துவிட்டால் இடுக்குகளில் மட்டும் அது தங்கி, பழைய உலோகம்போலத் தெரியும். ரப்பர் பசையின் ஆவியும், சூடுபட்ட ஃபோமின் புகையும், தேய்க்கும்போது எழும் தூளும் நுரையீரலுக்கு ஆகாதவை. மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள், தகுந்த முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறியைப் போட்டுவிட்டு அறைக்குள் செய்வது போதாது.

முப்பரிமாண அச்சில் தலைக்கவசம் எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். எடுக்கலாம். ஆனால் வழக்கமாகப் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வெப்பத்தை ஒட்டி இளகத் தொடங்கும். என் நண்பர் ஒருவர் வாரக்கணக்கில் அச்சடித்துத் தேய்த்த முகமூடியை மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது அதன் தாடை இறங்கி, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

நடுவர் நாற்காலி:

சிறிய விழாக்கள் சிலவற்றில் வேடப் போட்டிக்கு நடுவராக இருந்திருக்கிறேன். எனவே நீங்கள் கோபப்பட்ட தரப்பில் நின்று பேசுகிறேன். யார் செய்தது என்று கேட்காமல் பரிசு கொடுத்தது நடுவர்களின் பிழை. வாங்கிய உடையில் வந்து நின்றது அந்தப் பெண்ணின் பிழையன்று.

இந்தக் கேள்வி இன்றைக்கு முளைத்ததும் அன்று. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதனின் உடையில் வந்து நின்றார். காஸ்பிளேயின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குவார்கள். அவர் போட்டிருந்த உடையைத் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண். அவரும் அதே மாநாட்டுக்குத் தாம் தைத்த வேறொரு உடையில் வந்திருந்தார். ஆக, முதல் நாளிலேயே தான் தைத்ததை உடுத்தியவர் ஒருவரும், பிறர் தைத்ததை உடுத்தியவர் ஒருவரும் அருகருகே நின்றிருக்கிறார்கள். ஆக்கர்மன் பிறர் தைத்ததை உடுத்தியதில் எனக்குக் குறையே இல்லை. தைத்தவரின் பெயர் வெகுகாலம் பின்னால் தள்ளப்பட்டுக் கிடந்ததே, அதுதான் குறை.

போட்டிகள் இதைப் பல விதமாகக் கையாள்கின்றன. ஜப்பானின் நகோயாவில் 2003-இல் தொடங்கிய உலகக் காஸ்பிளே உச்சிமாநாட்டின் போட்டியில் நாட்டுக்கு இருவர் அணியாக நிற்பார்கள். உடை அவர்களே செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்க அறிவியல் புனைவு மாநாடுகளின் வேட மேடையில் புதியவர், பழகியவர், தேர்ந்தவர் என்று பிரித்து நிறுத்துவது நெடுநாள் வழக்கம். அங்கே மேடைத் தோற்றத்திற்குத் தனி மதிப்பெண், திரைக்குப் பின்னால் தையலையும் இணைப்பையும் கையில் எடுத்துப் பார்க்கும் வேலைப்பாட்டு ஆய்வுக்குத் தனி மதிப்பெண். நான் நடுவராக இருந்த இடங்களில் இந்தப் பின்னதைத்தான் வலியுறுத்தினேன். தலைக்கவசத்தைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது உட்புறத்தை. வெளிப்புறம் எல்லாருக்கும் நன்றாகத்தான் வரும். உள்ளே பசை வழிந்திருக்கிறதா, நெற்றி படும் இடத்தில் பஞ்சு வைத்திருக்கிறாரா, பட்டை பிய்ந்துவிடாமல் இரட்டைத் தையல் போட்டிருக்கிறாரா என்பதில்தான் செய்தவரின் கை தெரியும்.

உங்களுக்கு என் யோசனை: பாதி வாங்குங்கள், பாதி செய்யுங்கள், எது எது என்று எழுதி ஒட்டிக்கொண்டு போங்கள். செய்யும் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். ‘விக் வாங்கியது, கை நான் செய்தது’ என்று நேராகச் சொல்லும் போட்டியாளரை எந்த நல்ல நடுவரும் குறைத்து மதிப்பிடமாட்டார். முழுவதும் தானே செய்ததாகச் சாதித்து, கழுத்துப் பட்டையில் தொழிற்சாலைச் சீட்டு ஒட்டியிருந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

விதிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு ஓர் இடைச்செருகல். 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த அறிவியல் புனைவு மாநாட்டில் ஸ்காட் ஷா என்ற கேலிச்சித்திரக்காரர் உடம்பெங்கும் வேர்க்கடலை வெண்ணெயைப் பூசிக்கொண்டு வேடம் கட்டினார். அது அருகில் நின்றவர்களின் உடையிலும் இருக்கைகளிலும் ஒட்டி, விளக்குச் சூட்டில் கெட்டு நாற்றமெடுத்துவிட்டது. அன்றிலிருந்து அந்த மேடைகளில் வேர்க்கடலை வெண்ணெய்க்குத் தடை. யாராவது ஒருவர் செய்து காட்டும்வரை எந்த அமைப்பாளருக்கும் இப்படி ஒரு விதி தேவைப்படும் என்று தோன்றாது.

இரட்டை வாள்:

நடுவர் ஐயா சொல்வதில் பாதியை மறுக்கிறேன். வேலைப்பாட்டு ஆய்வு, படச்சான்று, எழுதி ஒட்டுவது என்று போனால் இது பொறியியல் செய்முறைத் தேர்வாகிவிடும். 1983-இல் தகாஹஷி நொபுயுகி என்பவர் ஒரு ஜப்பானிய இதழில் காஸ்பிளே என்ற சொல்லைக் கட்டியபோது காஸ்ட்யூம் (உடை), பிளே (விளையாட்டு) என்ற இரண்டையும் சேர்த்துத்தான் கட்டினார். நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை அலுவலகத்தில் இருக்கும் என்னைப் போன்றவன் ஹீட் கன்னைப் பிடிக்க எந்த மொட்டை மாடிக்குப் போவான்? நான் வாங்கித்தான் உடுத்துகிறேன். ஆனால் நான் எடுக்கும் கதாபாத்திரம் எந்தக் கால் முன்வைத்து நிற்கும், வாளை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதை விளையாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகியிருக்கிறேன். அந்தக் கல்லூரி விழாவில் பரிசு வாங்கிய பெண்ணும் அப்படித்தான் பழகியிருப்பார். அதைக் கேள்வி கேட்டவரே ஒப்புக்கொள்கிறார்.

தம்பியின் சிக்கலுக்கு என்னிடம் தீர்வு இருக்கிறது, காசும் செலவாகாது. மலேனியாவின் பக்கத்தில் நிற்க வேண்டியவர் வேறு யார்? எல்டன் ரிங் வந்த 2022-இல், மலேனியாவிடம் தோற்றுத் தோற்றுச் சலித்தவர்கள் இணையம் வழியே இன்னோர் ஆட்டக்காரரைத் துணைக்கு அழைத்தால், தலையில் ஒரு ஜாடியைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டைத் தவிர உடம்பில் வேறொன்றும் இல்லாமல், இரண்டு கைகளிலும் வாளோடு ஒருவர் வந்து நிற்பார். ‘லெட் மீ சோலோ ஹெர்’ (அவளை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்) என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். மற்றவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியொருவராக அவளை வீழ்த்திக் கொடுத்துவிட்டு மறைவார். இப்படி ஆயிரம் முறை வீழ்த்தியதற்காக விளையாட்டை வெளியிட்ட பண்டாய் நாம்கோ நிறுவனம் அவருக்கு ஒரு வாளைப் பரிசாக அனுப்பியது. கதையை எழுதியவர்கள் படைக்காத ஒரு கதாபாத்திரத்தை ஆட்டக்காரர்களே படைத்து, அவருக்கே வேடமும் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பெரிய பலூனை ஊதி, செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து ஏழெட்டு அடுக்கு ஒட்டிக் காயவைத்தால் ஜாடி தயார். இடுப்புத் துண்டோடு மட்டும் போவதற்கு வீட்டில் சம்மதம் கிடைக்காது, அமைப்பாளர்களும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் தோல் நிறத்தில் ஒரு முழுக்கை பனியன் வாங்கிக் கொடுங்கள்.

செய்யாற்றுக்காரி:

எங்கள் பெரியப்பா தெருக்கூத்தில் கட்டை வேடம், அதாவது மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் பூணும் வேடம், கட்டியவர். இப்படிச் சொன்னாலே காஸ்பிளே நண்பர்கள் ‘அப்படியென்றால் நம் கூத்துதான் உலகின் முதல் காஸ்பிளே’ என்று கிளம்பிவிடுகிறார்கள். அது அப்படியில்லை. கூத்தில் வேடம் கட்டுபவர் ஒரு விடிய விடியக் கதையை நடத்திக்கொடுக்கக் கடமைப்பட்டவர். படம் எடுக்க நிற்பவர் அல்லர். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்குச் சொந்தம். இன்று ஒருவர் தோளில் இருப்பது நாளை இன்னொருவர் தோளில் இருக்கும். செய்தது யார் என்று பார்ப்பவர் யாரும் கேட்டதில்லை. அந்த வகையில் நான் இரட்டை வாள் அண்ணன் பக்கம்.

ஆனால் எடையைச் சுமப்பது பற்றிக் கூத்தாடிகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கட்டைகளை இலேசான கல்யாண முருங்கை மரத்தில்தான் செதுக்குவார்கள். ஆனாலும் கண்ணாடித் துண்டும் சரிகைத் தாளும் ஒட்டி முடித்தால் கனக்கத்தான் செய்யும். பெரியப்பா கிரீடத்தை ஒருநாளும் நேரே தலையில் வைத்ததில்லை. முதலில் பழைய வேட்டித் துணியை இறுகச் சுற்றிச் சும்மாடுபோல ஒரு கட்டு; அதன்மேல் கிரீடம்; கிரீடத்திலிருந்து இறங்கும் கயிறு தாடைக்குக் கீழே அல்லாமல் பின்கழுத்துப் பக்கம் இழுத்துக் கட்டப்படும். தாடையில் கட்டினால் வாயைத் திறந்து பாட முடியாது, உங்களுக்கானால் தண்ணீர் குடிக்க முடியாது. தோள்கட்டையின் கயிறு முதுகில் குறுக்காகப் போய் இடுப்புக் கட்டில் வந்து முடியும். தோளில் தொங்குவதுபோலத் தெரிந்தாலும் சுமப்பது இடுப்புதான். சென்ற ஆண்டு உங்கள் தோள்பட்டை தொங்கியதற்கு வியர்வை பாதிக் காரணம் என்றால், அதைச் சட்டைத் துணியில் ஒட்டியிருந்தீர்கள் என்பது மீதிக் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். உள்ளே ஒரு தடித்த காடாத் துணியில் கையில்லாத சட்டை தைத்து, கவசம் முழுவதையும் அதில் வாரும் பக்கிளும் வைத்து மாட்டுங்கள். அந்தச் சட்டை வியர்வையையும் குடித்துக்கொள்ளும்.

வாயில்காப்பாள்:

விழாக்களில் தன்னார்வலராக நுழைவாயிலில் நின்ற அனுபவத்தில் சில செய்திகள்.

வாளைப் பற்றித்தான் முதல் கவலை. உலோகமும் கூர்முனையும் எங்கும் நுழையாது. மெல்லிய பி.வி.சி. குழாயை நடுவில் வைத்து மேலே ஃபோம் போர்த்திய வாளைப் பெரும்பாலும் விடுவார்கள். ஆனாலும் விதி விழாவுக்கு விழா மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்தபின் குழாயை அறுங்கள். மலேனியாவின் வாள் செயற்கைக் கையோடு பொருத்தப்பட்டது. நீங்கள் அதை நிரந்தரமாக ஒட்டிவிட்டால் கழிப்பறைக் கதவைத் திறக்க இடக்கை ஒன்றுதான் மிஞ்சும். கழற்றி மாட்டும்படி செய்யுங்கள்.

அடுத்தது கண். விளையாட்டில் அவள் தலைக்கவசம் கண்ணை மூடியே இருக்கும். அவளுக்குப் பார்வை தேவைப்படவில்லை, உங்களுக்குத் தேவைப்படும். நெற்றித் தகட்டை மேலே தூக்கி வைத்துக்கொள்ள வழி செய்து, படமெடுக்கும்போது மட்டும் இறக்குங்கள். மற்ற நேரமெல்லாம் கைபிடித்து நடத்த ஓர் ஆள் வேண்டும். தம்பி இருக்கிறாரே என்று பார்த்தால், அவர் தலையில் ஜாடி இருக்கப் போகிறது. ஒருவரையொருவர் நடத்திக்கொண்டு போய் உணவுக்கடை மேசையில் மோதிய ஒரு ஜோடியை நான் எழுப்பிவிட்டிருக்கிறேன். ஜாடியின் முன்பக்கம் சிறு சிறு துளைகளாக இட்டு உட்புறம் கறுப்பு வலைத்துணி ஒட்டினால் உள்ளிருந்து தெரியும், வெளியிலிருந்து தெரியாது.

வீட்டிலிருந்தே வேடமிட்டு வர வேண்டாம். 1975-இல் சுமார் 700 பேரோடு தொடங்கி இன்று டோக்கியோவின் மாபெரும் காமிக்ஸ் கண்காட்சியாகிவிட்ட காமிக்கெட்டில், வேடத்தோடு வருவதும் வேடத்தோடு திரும்புவதும் கூடாது, அரங்கத்தில்தான் உடை மாற்ற வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் ஊரில் அப்படிக் கட்டாயம் இல்லாவிட்டாலும், ஆலந்தூர் மெட்ரோ நிலையத்திலிருந்து சிறகோடு ஷேர் ஆட்டோ ஏறிப் பார்த்தவர்கள் மறுமுறை ஏறமாட்டார்கள். பருத்தி உள்ளாடை, உப்புப் போட்ட மோர், பசைக்குழாய், ஊசிநூல், பாதுகாப்பு ஊக்கு ஆகியவை பையில் இருக்கட்டும்.

படம் எடுப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-இல் நியூயார்க் காமிக் கானின் வாயிலில் ‘காஸ்பிளே என்பது சம்மதம் அன்று’ என்ற பொருளில் பெரிய பலகைகளை வைத்தார்கள். அதன்பின் பல நாட்டு விழாக்களிலும் அந்த வாசகம் பரவியது. கேட்காமல் தோளில் கை போட்டால் ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லுங்கள், அருகிலிருக்கும் தன்னார்வலரை அழையுங்கள். நாங்கள் அதற்காகத்தான் அங்கே நிற்கிறோம். கண்ணுக்கு நிற லென்ஸ் போடும் எண்ணம் இருந்தால் கண் மருத்துவரைப் பார்க்காமல் போட வேண்டாம். உங்கள் வேடத்தில் கண்ணே தெரியாது என்பதால் அந்தச் செலவு மிச்சம்.

காவிரிக்கரை:

பதில் எழுதிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

செயற்கைக் கை முடிந்துவிட்டது. முதல் முறை செய்தது முழங்கையில் மடங்கவில்லை. கை நீட்டி நேராக இருக்கும்போதே அளவெடுத்திருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. சற்று மடக்கி வைத்து மறுபடியும் உறைத்தாள் சுற்றி, முழங்கைக்கு மட்டும் மூன்று பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இறால் ஓடுபோல அடுக்கியதில் இப்போது தண்ணீர்ப் பாட்டிலை வாய்வரை கொண்டுபோக முடிகிறது. விக்கை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். மேற்போர்வையையும் உள்சட்டையையும் உறையூரில் தையல் கடை வைத்திருக்கும் அத்தை தைத்துக் கொடுத்தார். செய்யாற்று அக்கா சொன்னபடி குறுக்குப் பட்டை இடுப்பில் வந்து முடிய வேண்டும் என்று நான் விளக்கத் தொடங்கியதும், ‘பள்ளிக்கூடப் பை தைக்கிற மாதிரிதானே’ என்று சொல்லிவிட்டு அரைமணி நேரத்தில் முடித்தார்.

நடுவர் ஐயா சொன்ன பட்டியலை ஒரு சிறிய அட்டையில் எழுதிவிட்டேன்: கையும் தலைக்கவசமும் வாளும் நான், துணி அனைத்தும் அத்தை, விக் வாங்கியது. அத்தையின் முழுப்பெயரும் கடைப்பெயரும் அதில் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குத் தொலைபேசி எண்ணும் சேர்த்து எழுதச் சொல்கிறார். நடுவர்களுக்கு அது எதற்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரட்டை வாள் அண்ணன் சொன்னதற்காக, இரவு அரைமணி நேரம் மாடியில் அவள் நிற்கும் நிலையை மட்டும் பழகுகிறேன்.

தம்பியின் முதல் ஜாடி உள்ளே காய்வதற்கு முன்பே பலூனைக் குத்திவிட்டதால் ஒரு பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டாவது நன்றாக வந்திருக்கிறது. மைதாப் பசைக்கு எறும்பு வருகிறது என்பதைத் தவிர.

ஒரே ஒரு கேள்வி மீதம். மலைக்கோட்டை விரைவு வண்டியில் மேல் படுக்கை பதிவு செய்திருக்கிறேன். தலைக்கவசத்தை இரண்டு சிறகோடும் சேர்த்து அளந்தால் 74 சென்டிமீட்டர் வருகிறது. அதை வைத்துவிட்டு நான் எங்கே படுப்பது?

பெரியமேட்டுப் பசை:

சிறகை அடியோடு அறுத்துவிடுங்கள், பயப்பட வேண்டாம். அறுத்த இரண்டு முகத்திலும் ஃபோமைக் குடைந்து பக்கத்துக்கு மூன்று நியோடிமியம் காந்தம் (சிறியதானாலும் வலுவாக இழுக்கும் வகை) பதித்து, அதன்மேல் 2 மில்லிமீட்டர் ஷீட்டால் மூடுங்கள்; காந்தத்தை வெறுமே மேலே ஒட்டினால் இரண்டாம் முறை பிரிக்கும்போது பசையை விட்டு வந்துவிடும். பதிக்கும் முன் எந்த முகம் எதை இழுக்கிறது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிறகு தலையை விட்டு விலகி ஓடும். கழற்றிய சிறகுகளை ஒரு தலையணை உறைக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கலாம். தம்பியின் ஜாடியைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் வைக்காதீர்கள், யாராவது காலால் தள்ளிவிடுவார்கள்.